அம்மா ஒன்று எழுதுகிறார், பிள்ளை வேறு எழுதுகிறது: எதை எடுத்துக்கொள்வது?

ஈசூன்_மயில்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டதால் கேட்கிறேன். இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சிறார், இளையர் மருத்துவ உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது. தொடக்கநிலை 6-இலிருந்து உயர்நிலை 1-க்குப் போகும் இந்தியப் பிள்ளைகளுக்கு, அதாவது 11 முதல் 13 வயதுக்காரர்களுக்கு, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-க்கு முன்னும் பின்னும் வரும் பதற்றம்தான் என் தலைப்பு.

நான் பயன்படுத்துவது எஸ்டிக்யூ படிவம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997-இல் வெளியிட்ட 25 வாக்கியங்கள் கொண்ட சின்னப் படிவம் அது. அதில் ஐந்து வாக்கியங்கள் பிள்ளையின் உணர்ச்சிகளைப் பற்றியவை: தலைவலி வயிற்றுவலி, கவலை, வருத்தம், புது இடத்தில் வரும் பதற்றம், பயம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போட்டு, ஐந்துக்கும் சேர்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண். பெற்றோருக்கு ஒரு படிவம், ஆசிரியருக்கு ஒன்று, 11 வயதிலிருந்து பிள்ளைக்கே ஒன்று. தமிழிலும் இருக்கிறது. என் ஆய்வில் பிள்ளைகள் எல்லாரும் ஆங்கிலப் படிவம் எழுதினார்கள், அம்மாக்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ்ப் படிவம் கேட்டு வாங்கினார்கள்.

இதுவரை 38 குடும்பங்கள். பிரச்சினை என்னவென்றால் அம்மா எழுதுவதும் பிள்ளை எழுதுவதும் ஒத்தே போகவில்லை. பல குடும்பங்களைக் கலந்து ஒரு உதாரணம் சொல்கிறேன், இது எந்த ஒரு குடும்பமும் இல்லை: பிள்ளை தனக்கு 8 போடுகிறாள், அம்மா 2 போடுகிறார், ஆசிரியர் 0 போட்டு "மிகவும் நல்ல பிள்ளை" என்று ஓரத்தில் எழுதியும் அனுப்புகிறார். என் மேற்பார்வையாளர் சராசரி எடுத்துவிட்டுப் போ என்கிறார். ஆய்வுக்கூடத்தில் இன்னொருவர், சின்னப் பிள்ளைகள் அன்றைய மனநிலையை வைத்து எழுதுவார்கள், அம்மா படிவத்தை நம்பு என்கிறார். எனக்கோ பிள்ளையை நம்பத் தோன்றுகிறது, ஏனென்றால் படிவம் தருவதற்கு முன்னால் ஆறேழு பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசி ஒலிப்பதிவு செய்திருந்தேன், அவர்கள் சொன்னது பொய் மாதிரி இல்லை.

அப்புறம் இரண்டு கேள்விகள். தமிழ்ப் படிவத்தின் சொற்கள் சில அம்மாக்களுக்கு வேறு மாதிரி புரிகிறதோ என்று சந்தேகம், நானே இரண்டு மூன்று சொற்களை மாற்றிக்கொள்ளலாமா? இன்னொன்று, சில அம்மாக்கள் வாசல்வரை வந்து, "என் பிள்ளை என்ன எழுதினாள், சொல்லும்மா" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு வாயே வரவில்லை.

கிளமெண்டி_குமரன்:

மயில், முதலில் ஒன்று. நீங்கள் தவறாக எதையும் செய்துவிட்டதால் இப்படி வரவில்லை. இந்தத் துறையில் இதைவிடப் பழைய, இதைவிட உறுதியான கண்டுபிடிப்பு அதிகம் இல்லை. 1987-இல் தாமஸ் ஆக்கன்பாக்கும் உடன் இருந்தவர்களும் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அம்மா, அப்பா மாதிரி ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்க்கும் இரண்டு பேருக்கு இடையே ஒட்டுறவு, அதாவது இருவர் சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்), சராசரியாக 0.60. பெற்றோரும் ஆசிரியரும் என்றால் 0.28-க்குப் பக்கத்தில். பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதும் மற்றவர்கள் சொல்வதும் என்றால் 0.22. 2015-இல் ஆண்ட்ரெஸ் டி லாஸ் ரெயஸ் குழு 341 ஆய்வுகளை வைத்துத் திரும்பச் செய்தது, மொத்தத்தில் கிடைத்தது 0.28. இடையில் ஏறக்குறைய முப்பது வருடம், படிவங்கள் எவ்வளவோ மாறிவிட்டன, அந்த எண் மட்டும் அசையவில்லை. படிவத்தின் கோளாறாக இருந்தால் இந்நேரம் சரியாகியிருக்கும் அல்லவா?

டி லாஸ் ரெயஸ் பல வருடமாகச் சொல்லிவருவது இதைத்தான்: மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், அந்த வேறுபாடே ஒரு தரவு. பிள்ளை வீட்டில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி, தன் தலைக்குள்ளே ஒரு மாதிரி. அம்மா பார்ப்பது வீட்டுப் பிள்ளையை. ஆசிரியர் பார்ப்பது நாற்பது பேர் வரை இருக்கும் வகுப்பில் தொந்தரவு தராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, அங்கே அடிதடி செய்பவன் கண்ணில் படுவான், உள்ளுக்குள் நடுங்குபவள் "நல்ல பிள்ளை". யார் சொல்வது உண்மை என்று கேட்பதை நிறுத்திவிட்டு, யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் ஆய்வேடே மாறிவிடும்.

சராசரி ஏன் கூடாது என்று மேற்பார்வையாளரிடம் இப்படிக் காட்டுங்கள். ஒரு வீட்டில் அம்மா 2, பிள்ளை 8. இன்னொரு வீட்டில் அம்மா 5, பிள்ளை 5. இரண்டுக்கும் சராசரி 5. முதல் வீட்டில் ஒரு பிள்ளை தனியாகத் தவித்துக்கொண்டிருக்கிறது, இரண்டாவது வீட்டில் நடப்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டையும் ஒரே எண்ணாக்கி ஆய்வு செய்து என்ன கண்டுபிடிக்கப்போகிறோம்? அதற்காகக் கழித்துப் பார்க்கலாம் என்றும் போய்விடாதீர்கள், நான் முதுகலையில் அந்தத் தவற்றைச் செய்து ஆறு மாதம் வீணாக்கினேன். 2-க்கும் 8-க்கும் வித்தியாசம் 6, 4-க்கும் 10-க்கும் வித்தியாசம் 6, ஆனால் இரண்டும் ஒன்றில்லை, தவிர இரண்டு படிவங்களின் பிழையும் அந்தக் கழித்தலுக்குள் வந்து சேர்ந்துகொள்ளும்.

38 குடும்பத்தை வைத்துக்கொண்டு பெரிய புள்ளியியல் மாதிரிகளுக்கு (மாடல்) ஆசைப்பட வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு மூன்று வரி, பிள்ளை ஒரு வரி, அம்மா ஒரு வரி, ஆசிரியர் ஒரு வரி என்று தரவை அடுக்கி, குடும்பத்தைத் தனி அடுக்காக வைத்து ஒரு பல்நிலை மாதிரி, அதாவது ஒரே வீட்டுப் பதில்களைச் சேர்த்துவைத்துப் பார்க்கும் கணக்கு, போடுங்கள். அம்மா எந்த மொழியில் எழுதினார் என்பதை அதில் சேர்க்கலாம். ஆனால் தமிழ்ப் படிவம் கேட்ட அம்மாவும் ஆங்கிலப் படிவம் கேட்ட அம்மாவும் மொழியில் மட்டுமா வேறுபடுகிறார்கள்? எங்கே படித்தார்கள், இங்கே வந்து எத்தனை வருடம், வேலைக்குப் போகிறார்களா என்று எல்லாமும் கூடவே வரும். அதைத் தெளிவாக எழுதிவிட்டு, முடிவாக எதையும் அடித்துச் சொல்லாமல், எண்களின் வீச்சோடு தாருங்கள். இன்னொன்று, பாதித் தரவைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வியே வந்தது என்பதையும் ஆய்வேட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சொற்களை மாற்றுவது பற்றி: கூடாது. எஸ்டிக்யூ காப்புரிமை உள்ள படிவம், அனுமதி இல்லாமல் ஒரு சொல்லைக்கூடத் தொடக்கூடாது. தொட்டால் மற்ற நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிடவும் முடியாமல் போகும். படிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு பேட்டியைச் சேருங்கள்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் 53-ஆவது பிரிவுதான் சிறார், பதின்ம வயதினர் மருத்துவ உளவியலுக்கானது, மாணவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் சஞ்சிகையில் இந்த விஷயம் பற்றி நிறைய வந்திருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தில் உள்நுழைந்து தேடுங்கள்.

பலகை_சாக்பீஸ்:

தங்கை, நான் உளவியல் படித்தவள் இல்லை. 19 வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், பெரும்பாலும் தொடக்கநிலை 5, 6. உங்கள் கேள்வியில் மொழி வந்ததால் எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கவலை" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் கவலை யாருடைய பொருள்? பெரியவர்களுடையது. வீட்டுக் கடன், ஊரில் இருக்கும் அப்பாவின் உடம்பு, தங்கச்சி கல்யாணம், இதெல்லாம் கவலை. ஒரு பிள்ளை கவலையாக இருக்கிறது என்றால் முதலில் வரும் பதில், "உனக்கு என்ன கவலை? சாப்பாடு இருக்கு, துணி இருக்கு, படிக்கிறது ஒண்ணுதானே வேலை." இப்படித்தான் நாமும் வளர்ந்தோம். அந்த அம்மாவின் கையில் "பல கவலைகள் உண்டா" என்ற மாதிரி ஒரு வரி போனால் அவர் இல்லை என்றுதான் போடுவார். பொய் இல்லை அது. பிள்ளை தூங்காமல் புரள்வதை அவர் பார்த்திருப்பார், அதைக் கவலை என்ற பெயரில் அவர் எண்ணவில்லை, அவ்வளவுதான். அதே பிள்ளை ஆங்கிலத்தில் "வொரி" என்று பார்த்தால் சட்டென்று போட்டுவிடும், ஏனென்றால் பள்ளியில் அந்தச் சொல் அவர்களுக்கே உரியது, வகுப்பில் ஆசிரியர்கள் கேட்பதும் அந்தச் சொல்லில்தான்.

"பயம்" இன்னும் சிக்கல். நம்மில் பயம் பாதி நேரம் நல்ல குணம். பெற்றோர் சந்திப்புக்கு வரும் அம்மாக்கள் என்னிடம், "டீச்சர், இவனுக்குப் பயமே இல்ல, கொஞ்சம் பயம் காட்டுங்க" என்பார்கள். பயபக்தி என்று சேர்த்தே சொல்கிறோம். பயந்த பிள்ளை என்றால் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை. அப்படி இருக்கும்போது தன் மகள் எதற்கெல்லாம் பயப்படுகிறாள் என்பதை ஒரு அம்மா குறையாகப் பார்த்து எழுதுவாரா? யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் எழுத்துத் தமிழ். "மனப்பதற்றம்", "மனச்சோர்வு" எல்லாம் செய்தித்தாளில் வாசிக்கும் சொற்கள். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? "படபடன்னு இருக்கு", "மனசு சரியில்ல", "வயிற்றைப் பிசையுது", "ஒரு மாதிரியா இருக்கு" என்றுதான் பேசுகிறோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம், ஆக அம்மாவும் பிள்ளையும் ஒரே வரவேற்பறையில் உட்கார்ந்து இரண்டு மொழியில் வருத்தப்படுகிறார்கள். தாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் ஒரு மாணவி என்னிடம், "டீச்சர், எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு, ஆனா அம்மாகிட்ட தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். நான் தமிழாசிரியை, என்னாலும் சட்டென்று ஒரு சொல் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. பல வருடம் ஆகியும் அது என் மனத்தை விட்டுப் போகவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஒலிப்பதிவில் அந்தப் பிள்ளைகள் தமிழில் பேசிய இடங்களை எப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள்? "ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் ஆங்கிலத்தில் அதற்கு என்ன போட்டீர்கள்?

செங்காங்_அம்மா:

நான் இந்த மாதிரி ஒரு படிவம் எழுதியவள். எந்த இடம் என்று சொல்லவில்லை. என் மகன் தொடக்கநிலை 6-இல் இருந்தபோது பள்ளி வழியாகக் கடிதம் வந்தது, சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். என்னையும் மகனையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் என் தாளைப் பார்த்தான், நான் அவன் தாளைப் பார்த்தேன். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு பதிலை அழித்து எழுதினான். நானும் ஒரு இடத்தில் உண்மையை எழுதவில்லை. அடிக்கடி வயிற்றுவலி என்ற வரிக்கு இல்லை என்று போட்டேன். அவனுக்குப் பள்ளி நாள்களில் காலையில் வயிறு வலிக்கும், சனி, ஞாயிறு வலிக்காது, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன். ஏன் என்றால், இந்தத் தாள் பள்ளிக்குப் போகும், பிள்ளை பெயரில் ஏதோ ஏறிவிடும், நாளைக்கு உயர்நிலைப் பள்ளியில் அதை எடுத்துப் பார்ப்பார்கள் என்று பயம். போகாது என்று தாளில் அச்சடித்திருந்தது, ஆனால் யாரும் என் முகத்தைப் பார்த்து வாயால் சொல்லவில்லை. சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் மனத்தில் இருந்தது. நமக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பிறகு தெரிந்தது, அவன் எல்லாவற்றையும் என் மாமியாரிடம் சொல்லியிருக்கிறான். பள்ளிக் கழிவறையில் போய் நின்று மூச்சு வாங்குவானாம். ராத்திரி அவர் பக்கத்தில் படுக்கும்போது சொல்வானாம். அவர் என்னிடம் சொல்லவில்லை, "உங்கிட்ட சொன்னா நீ திட்டுவன்னான்" என்றார். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் அம்மா, பிள்ளை, ஆசிரியர் என்று மூன்று பேரிடம் கேட்கிறீர்கள். பாட்டியிடம் யாரும் கேட்பதில்லை.

அந்த ஆய்வின் முடிவு என்ன ஆனது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. என் மகன் இரண்டு முறை கேட்டான். நீங்களாவது சொல்லுங்கள் தம்பி தங்கைகளே. பிள்ளைகள் மறப்பதில்லை.

ஈசூன்_மயில்:

அக்கா, இதை நான் மூன்று முறை வாசித்துவிட்டேன். தனித்தனி அறை கேட்டால் பள்ளியில் கிடைப்பதில்லை என்று நானும் சில இடங்களில் ஒரே மேசையில்தான் உட்கார வைத்தேன். எந்தெந்தக் குடும்பம் என்று குறித்து வைத்திருக்கிறேன், அதையும் ஆய்வில் சொல்லத்தான் வேண்டும். உங்கள் மகன் இப்போது எப்படி இருக்கிறான்?

செங்காங்_அம்மா:

நன்றாக இருக்கிறான், உயர்நிலை 3. பள்ளி ஆலோசகரிடம் கொஞ்ச நாள் போனான். இப்போது வயிற்றுவலி வந்தால் என்னிடமே சொல்கிறான்.

பழைய_வார்டு:

சிறார் மனநலப் பிரிவுகளில் பல வருடம் வேலை பார்த்தேன், இப்போது மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்கு முன் ஒரு வார்த்தை. உதாரணத்தைக் கலந்து சொன்னது நல்லது, ஆனால் இனி பொது இடத்தில் அந்த அளவுக்குக்கூட வேண்டாம் மயில். இங்கே குடியிருப்பாளர்களில் நாம் நூற்றுக்கு ஒன்பது பேர்தான். பள்ளி வட்டாரம், வயது, ஆசிரியர் ஓரத்தில் எழுதிய வரி என்று மூன்று விவரம் போதும், ஒரு அம்மா தன் மகளை அடையாளம் கண்டுகொள்வார்.

"என் பிள்ளை என்ன எழுதினாள்" என்ற கேள்வி வாசலில் வருவதற்கு முன்பே, முதல் ஐந்து நிமிடத்தில், இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அம்மா, அவள் எழுதுவதை நான் உங்களிடம் காட்டமாட்டேன், நீங்கள் எழுதுவதை அவளிடம் காட்டமாட்டேன், பள்ளிக்கும் போகாது. ஆனால் அவளுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து வரும் என்று எனக்குத் தெரிந்தால் மட்டும் பேசாமல் இருக்கமாட்டேன், முதலில் அவளிடம் சொல்லிவிட்டு உங்களிடம் வருவேன்." பேச்சுத் தமிழில், முகத்தைப் பார்த்து. செங்காங் அம்மா சொன்னதைப் பாருங்கள், தாளில் இருந்தது, வாயில் வரவில்லை. சட்டப்படி பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், மருத்துவ ஆய்வு என்றால் இங்கே 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ், திருமணமாகாத எல்லாருமே சிறார்தான். ஆனால் பிள்ளையின் சம்மதம் தனி. அம்மா கையெழுத்துப் போட்ட பிறகு பிள்ளை வேண்டாம் என்று தலையாட்டினால் அதோடு விட்டுவிட வேண்டும், அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும்.

8 என்று எழுதிய பிள்ளையை என்ன செய்கிறீர்கள்? இதை உங்கள் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்த திட்டத்தில் என்னவென்று போட்டிருக்கிறீர்கள்? எஸ்டிக்யூ நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை, 8 என்றால் கோளாறு என்று அர்த்தமில்லை. ஆனால் பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டு மூடுவதற்கும் நமக்கு உரிமை இல்லை. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் யார், எத்தனை நாளுக்குள், யாரிடம் பேசுவார்கள் என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும், உங்கள் மேற்பார்வையாளருடைய கைப்பேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும். பள்ளி ஒவ்வொன்றிலும் ஆலோசகர் இருக்கிறார். தேவைப்பட்டால் அவர் வழியாக மனநலக் கழகத்தின் "ரீச்" குழுவுக்குப் போகலாம், 2007-இலிருந்து பள்ளிகளோடு வேலை செய்கிறார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேச சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் "டிங்கிள் ஃபிரண்ட்" இருக்கிறது. எந்த வயதானாலும், எந்த நேரமானாலும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்-இன் உதவி எண் 1767. இந்த மூன்றையும் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து, மதிப்பெண் 0 வந்த குடும்பம் உட்பட எல்லாருக்கும் கொடுங்கள். எல்லாருக்கும் கொடுத்தால் யாருக்கும் "எனக்கு மட்டும் ஏன்" என்று தோன்றாது.

அம்மாக்களிடம் முடிவை எப்படிச் சொல்வது என்றால், அவரவர் பிள்ளையைப் பற்றி இல்லாமல் மொத்தமாகச் சொல்லுங்கள். தேசியப் பல்கலைக்கழகம் 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், தனிமை போன்ற அறிகுறிகள் இருந்தன, ஒரு கோளாறின் முழு வரையறைக்குள் வந்தவர்கள் ஏறக்குறைய 12 விழுக்காடு. இதைச் சொன்னாலே அம்மாக்களின் தோள் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். "என் பிள்ளை மட்டும் இல்லை" என்று தெரிந்த பிறகுதான் அவர்கள் வயிற்றுவலியைப் பற்றிப் பேசவே ஆரம்பிப்பார்கள்.

கடைசியாக, 8 போட்ட பிள்ளையின் அம்மாவைப் பார்த்துக் கோபம் வரும். இளம் ஆய்வாளர்கள் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது, பிள்ளை பக்கம் நின்று அம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிடுவோம். அந்தக் கோபத்தோடு வாசலில் நின்றால் வாய் வராது. 2 போட்ட அம்மா வேலை முடிந்து எம்ஆர்டி ரயில் பிடித்து, சமையலைப் பாதியில் விட்டுவிட்டு, உங்கள் படிவத்தை எழுத வந்து உட்கார்ந்தவர். அவருக்குத் தெரிந்த பிள்ளையை அவர் எழுதினார்.

கிளமெண்டி_குமரன்:

இதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஒரு சின்ன சேர்க்கை. பாட்டியைச் சேர்ப்பது நல்ல யோசனை, ஆனால் எஸ்டிக்யூ பெற்றோர் படிவத்தைப் பாட்டியிடம் கொடுத்து நாலாவது வரியாக இப்போதே மாதிரிக்குள் நுழைத்துவிடாதீர்கள். எல்லா வீட்டிலும் பாட்டி இல்லை, வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் தாத்தா பாட்டி வேறு புளோக்கில் இருப்பார்கள், சிலர் ஊரில். "பிள்ளை வீட்டில் யாரிடம் அதிகம் பேசும்?" என்று ஒரே ஒரு கேள்வியை அம்மா, பிள்ளை இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அந்த இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்பதே போதும்.

ஈசூன்_மயில்:

எல்லாருக்கும் நன்றி. குமரன் அண்ணன் சொன்ன 2-8, 5-5 உதாரணத்தை ஒரு தாளில் வரைந்து மேற்பார்வையாளரிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, சரி, சராசரி வேண்டாம் என்றார். படிவத்தின் சொற்களைத் தொடப்போவதில்லை. அதற்குப் பதில் தமிழ்ப் படிவம் எழுதிய அம்மாக்களில் பத்துப் பேரிடம், அவர்கள் சம்மதித்தால், ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, இதை வாசித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது என்று பேச்சுத் தமிழில் கேட்கப்போகிறேன். கூடவே அந்த "யாரிடம் அதிகம் பேசும்" கேள்வியும். நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் எழுத ஆரம்பித்துவிட்டேன், அது வரும்வரை புதுக் குடும்பம் யாரையும் கூப்பிடவில்லை. பழைய_வார்டு கேட்டதற்குப் பதில், திட்டத்தில் "தேவைப்பட்டால் பரிந்துரைக்கப்படும்" என்று ஒரே வரிதான் போட்டிருந்தேன். அதை முழுதாக மாற்றி எழுதுகிறேன். உயர்ந்த மதிப்பெண் வந்த பிள்ளைகளைப் பற்றி நேற்றே மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசினோம், இந்த வாரமே அந்தந்த வீடுகளுக்குப் பேசுகிறோம்.

செங்காங் அக்கா, முடிவு வந்ததும் 38 வீட்டுக்கும் தமிழில் ஒரு பக்கம், பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பக்கம் அனுப்புவேன்.

டீச்சர், நீங்கள் கேட்ட பிறகு பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்ன இடத்தில் எல்லாம் நான் "அன்கம்ஃபர்ட்டபிள்" என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஏழு பேரில் நாலு பேர் அதைச் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தி மட்டும் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் வேறு விஷயத்துக்கு. ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, முதலிலிருந்து கேட்கப்போகிறேன். உங்களுக்கு நேரம் இருந்தால், பெயர் விவரம் எதுவும் இல்லாமல், அந்தச் சொல் வரும் வாக்கியங்களை மட்டும் வைத்து உங்களிடம் சந்தேகம் கேட்கலாமா என்று குழுவிடம் அனுமதி கேட்டு எழுதுகிறேன்.

பலகை_சாக்பீஸ்:

எழுதுங்கள் தங்கை. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.